ஒரு கேள்விக்கு 63 விநாடி... டாக்டர்களுக்கும் உண்டு பரீட்சை பயம்!

"எம்.பி.பி.எஸ் முடிச்சாச்சு, இன்னும் என்னம்மா படிப்பு?" டாக்டர் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. எம்.டி., எம்.எஸ். சேர வேண்டுமென்றால் 'நீட் பி.ஜி' தேர்வைத் தாண்டியாக வேண்டும். எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நிறுவனங்களுக்கு 'ஐ.என்.ஐ-செட்' என்று தனித் தேர்வு. இரண்டுமே கணினியில்தான்.

நீட் பி.ஜி-யில் 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். கேள்விகள் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி பாருங்கள்: '55 வயது ஆண். இரண்டு மணி நேரமாக நெஞ்சுவலி, வியர்வை. இ.சி.ஜி இதோ. எந்த ரத்தக்குழாயில் அடைப்பு?' இ.சி.ஜி-யைப் படித்து, நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். எக்ஸ்ரே, தோல் நோய்ப் படம் என்றும் கேள்விகள் வரும். புத்தகத்தை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது.

திரும்பிப் போக முடியாது!

2024-ல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. 200 கேள்விகளையும் 40, 40 ஆக ஐந்து பகுதிகளாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம். சீக்கிரம் முடித்தாலும் அடுத்த பகுதிக்குப் போக முடியாது. நேரம் முடிந்தால் பழைய பகுதிக்குத் திரும்பவும் முடியாது. கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்குச் சராசரியாக 63 விநாடி. 'கஷ்டமானதைக் கடைசியில் பார்த்துக்கலாம்' என்ற பழைய உத்தி இப்போது அந்த 42 நிமிடத்துக்குள் மட்டும்தான் செல்லும்.

நெகட்டிவ் மார்க் பயமா?

சரியான விடைக்கு 4 மதிப்பெண்; தவறினால் 1 போகும். இதற்குப் பயந்தே பலர் கேள்விகளை விட்டுவிடுகிறார்கள். இரண்டு விடைகள் நிச்சயம் தவறு என்று தெரிந்து, மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக வைத்துக்கொள்வோம். இப்படிப் பத்துக் கேள்விகளில் ஐந்து சரியானால் 20 வரும், 5 போகும். லாபம் 15! பாதி தெரிந்த கேள்வியை விடுவதுதான் நஷ்டம்.

ஒரே ஷிஃப்ட்

2024-ல் இந்தத் தேர்வு இரண்டு ஷிஃப்ட்டாக நடந்தது. இரண்டு வினாத்தாள்களும் ஒரே அளவு கடினமாக இருக்குமா? ஒரு மதிப்பெண்ணில் ரேங்க் மாறி, விரும்பிய துறையே கைநழுவலாம். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 மே 30-ல் உச்ச நீதிமன்றம் ஒரே ஷிஃப்ட்டில் நடத்த உத்தரவிட, ஜூன் 15-ல் நடக்கவிருந்த தேர்வு ஆகஸ்ட் 3-க்குத் தள்ளிப்போனது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் ஒரே நேரத்தில் எழுதினார்கள்.

இன்னொரு விஷயம். நோயாளியிடம் பக்குவமாகப் பேசுகிறாரா, வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் கை சரியாக இருக்கிறதா என்பதைக் கணினித்திரை அளக்காது. அதற்குத்தான் எம்.டி., எம்.எஸ். முடிக்கும்போது, நோயாளியை நேரில் பரிசோதித்துப் பேராசிரியர்களுக்குப் பதில் சொல்லும் செய்முறைத் தேர்வு இருக்கிறது. உள்ளே போக வேகம் வேண்டும். வெளியே வர நிதானம் வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது தயாராகிறார்களா? அலாரம் வைத்து, 42 நிமிடத்தில் 40 கேள்விகள் என்று தினமும் பழகச் சொல்லுங்கள். காபி டம்ளரோடு அந்த அறைக் கதவைத் தட்டுவதை மட்டும் 43-வது நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள்!