தோட்டத்து இரும்புக் கேட் தொங்குகிறதா?

கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனமுள்ள நிலம். காடு என்றால் மானாவாரி. இரண்டுக்கும் வேலி உண்டு. வேலி இருந்தால் கடவும் உண்டு. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் முள்ளுக்கிளுவையை உயிர்வேலியாக வளர்த்து, கடவில் முள் படல் சாத்துவது பழைய வழக்கம். படல் எடை குறைந்தது. தூக்கி நகர்த்தி வைத்தால் வேலை முடிந்தது. டிராக்டரும், தேங்காய் லோடு ஏற்றும் லாரியும் உள்ளே வர வேண்டியிருப்பதால், இன்று பெரும்பாலான தோட்டங்களில் படல் போய் இரும்புக் கேட் வந்துவிட்டது.

ஆனால் மாட்டிய இரண்டாம் வருடமே தாழ்ப்பாள் பக்கம் இறங்கி, மண்ணைக் கீறிக்கொண்டு நிற்கும் கேட்டுகள் பல. ஒரு கையால் தள்ள வேண்டியதை இரண்டு ஆள் சேர்ந்து தூக்கித் தள்ளுகிறார்கள். பிறகு அதற்கும் சலித்து, பாதி திறந்தபடியே விட்டுவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கயிறு அவிழ்ந்த மாடு, மூடாத கேட் வழியாகப் பக்கத்துக் காட்டு இளஞ்சோளத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியாததல்ல. இளம் பயிரிலும், மழையின்றி வாடிய சோளத்திலும், அறுத்த பின் தழையும் மறுதாம்பிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் நஞ்சு மிகுந்திருக்கும். வயிறு நிறைய மேய்ந்த மாடு சில நிமிடங்களிலேயே விழுந்துவிடக்கூடும். இது தவிர, கேட் சரிந்து விழுந்து குழந்தைகள் இறந்த செய்திகளும் நாளிதழ்களில் வந்திருக்கின்றன. எனவே, தொங்கும் கேட்டை 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப் போடுவது சரியல்ல.

இழுப்பு எங்கே?

கேட் தொங்கினால் உடனே வெல்டிங் பட்டறைக்கு ஆள் அனுப்புகிறோம். ஆனால் பல இடங்களில் கோளாறு கேட்டில் இருப்பதில்லை, தூணில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும்.

12 அடி அகலமும் 80 கிலோ எடையும் உள்ள ஒற்றைக் கதவுக் கேட்டை எடுத்துக்கொள்வோம். அதன் எடை நடுவில், அதாவது கீலிலிருந்து 6 அடி தள்ளி இறங்குகிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 3 அடி என்றால், மேல் கீல் தூணை 160 கிலோ பலத்துடன் கேட் பக்கம் இழுக்கிறது. கீழ்க் கீல் அதே அளவு பலத்துடன் தூணை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இந்த இழுப்பு இரவும் பகலும் ஓய்வதில்லை. 30 கிலோ எடையுள்ள ஒரு பையன் கேட்டின் நுனியில் ஏறி ஆடினால் இழுப்பு இன்னும் 120 கிலோ கூடும்.

கீல்களின் இடைவெளியை 4 அடியாக்கினால் 160 கிலோ, 120 கிலோவாகக் குறைந்துவிடும். இடைவெளியை ஒன்றரை அடியாகச் சுருக்கினால் 320 கிலோவாக ஏறும். ஆகவே கீல்களை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைப்பது நலம். இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது.

முதலில் சோதனை

பணம் செலவிடும் முன் மூன்று சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும்.

முதலாவது, தூணின் பக்கத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். தூண் கேட் பக்கம் சாய்ந்திருந்தால் கோளாறு அடித்தளத்தில்.

இரண்டாவது, ஒரு கயிற்றால் கேட்டின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் சரியாக இருக்கிறது. கீல் பக்க மேல் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கக் கீழ் மூலை வரையுள்ள அளவு நீண்டிருந்தால் சட்டம் கோணிவிட்டது என்று அறியலாம்.

மூன்றாவது, கேட்டின் நுனியைக் கையால் சற்றுத் தூக்கிப் பாருங்கள். கீலில் கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் முளையோ துளையோ தேய்ந்திருக்கிறது.

சில இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறுகள் சேர்ந்திருக்கும். அப்போது தூண், சட்டம், கீல் என்ற வரிசையில் சரி செய்ய வேண்டும். கேட் தட்டுகிறது என்று அடியில் மண்ணைத் தோண்டி விடுவதும், அடிக் கம்பியை அறுத்து விடுவதும் வைத்தியமாகாது. அந்தச் சந்தில் நாயும் காட்டுப்பன்றியும் நுழைய வழி கிடைக்கும், தொங்கல் நிற்காது.

தூணை நிமிர்த்துதல்

கோவை, திருப்பூர் மாவட்டங்களில் செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்து வருகின்றன. செம்மண்ணில் நட்ட தூண் பெரும்பாலும் அசையாது. கரிசல் அப்படியல்ல. சித்திரை வெயிலில் வெடித்துச் சுருங்கும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிப் பருக்கும். இப்படி ஆண்டுதோறும் அசையும் மண்ணில் ஒன்றரை அடி ஆழத்தில் நட்ட கல்லுக்கால், கேட்டின் இழுப்பைத் தாங்காமல் சாய்ந்துவிடும்.

செம்மண்ணில் 3 அடி ஆழமும், கரிசலில் வெடிப்பு இறங்கும் ஆழத்தையும் தாண்டி 4 அல்லது 5 அடி ஆழமும் குழி எடுக்க வேண்டும். கரிசலில் குழியின் அடிப்பாகத்தை மேற்பாகத்தைவிட அகலமாக வெட்டுவது நல்லது. கரிசல் நிலக் கட்டடங்களுக்கு அடியில் குடம் போல் அகன்ற அடித்தூண்களை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் பரவச் செய்தது. அதே தத்துவம் கேட் தூணுக்கும் பொருந்தும்.

சாய்ந்த தூணை நிமிர்த்த, முதலில் கேட்டைக் கழற்றிப் படுக்க வைத்துவிட வேண்டும். கேட் தொங்கும்போது தூணடியில் தோண்டுவது உயிருக்கே ஆபத்து. பிறகு சுற்றிலும் மண்ணை எடுத்து, தூக்குக்குண்டு பார்த்து நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, 1 பங்கு சிமெண்ட், 2 பங்கு மணல், 4 பங்கு ஜல்லி என்ற கலவையைப் போட்டு இடிக்க வேண்டும். குறைந்தது ஏழு நாட்கள் நீர் விட்டு, மூன்று வாரம் கழித்தே கேட்டை மாட்ட வேண்டும். மறுநாளே மாட்டிவிடும் அவசரத்தால்தான் பல தூண்கள் மீண்டும் சாய்கின்றன. அதுவரை கடவில் பழையபடி ஒரு படலைச் சாத்திக்கொள்ளலாம்.

தூண் சிறிதளவே சாய்ந்திருந்து கான்கிரீட் போட வசதி இல்லையென்றால், கேட் தூணின் தலையிலிருந்து வேலியின் அடுத்த கல்லுக்காலின் அடிக்கு ஒரு கனமான கம்பியை இழுத்து முறுக்கிக் கட்டலாம். மூடியிருக்கும் கேட்டின் இழுப்பை இது பெரிதும் வாங்கிக்கொள்ளும். ஆனால் கேட் திறந்திருக்கும்போது இழுப்பு வேறு திசையில் இருக்கும். எனவே நாள் முழுதும் திறந்து வைக்க நேர்ந்தால் நுனியின் அடியில் ஒரு கல்லை அணை கொடுக்க வேண்டும்.

சட்டம் கோணினால்

நான்கு பைப்புகளைச் சேர்த்து வெல்டிங் வைத்த சட்டம், மூலைவிட்டக் கம்பி இல்லாவிட்டால் எளிதில் கோணும். குறுக்கே எத்தனை கம்பி வைத்தாலும் இதைத் தடுக்க முடியாது. மூலைவிட்டம் ஒன்றே தடுக்கும். அதை எந்தத் திசையில் வைப்பது என்பதில்தான் பட்டறைகளில்கூடத் தவறு நேர்கிறது.

பைப் அல்லது ஆங்கிள் வைப்பதானால், கீல் பக்கக் கீழ் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்க மேல் மூலைக்கு ஏற வேண்டும். அது முட்டுக்கால் போல் நுனியைத் தாங்கும். கம்பி அல்லது மெல்லிய ராடு வைப்பதானால் இதற்கு நேர்மாறு: கீல் பக்க மேல் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கக் கீழ் மூலைக்கு இறங்க வேண்டும். கம்பி இழுக்கும், முட்டுக் கொடுக்காது. கம்பியை மாற்றிக் கட்டினால் அது தொய்ந்து கிடக்குமே தவிர ஒரு பயனும் இராது.

கோணிய கேட்டுக்கு மலிவான வைத்தியம் இந்தக் கம்பிதான். டிராக்டர் ஜாக்கியை நுனியின் அடியில் கொடுத்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமமாகும் வரை தூக்குங்கள். பிறகு கனமான ஜி.ஐ. கம்பியை இரட்டையாக இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு இரும்புக் குச்சியை விட்டு முறுக்குங்கள். முறுக்கிய குச்சியைச் சட்டத்தோடு கட்டிவிட வேண்டும். டர்ன்பக்கிள் என்னும் இழுப்புத் திருகு கிடைத்தால் இன்னும் நல்லது. பின்னால் தொய்வு ஏற்படும்போது ஒரு சுற்று இறுக்கினால் போதும்.

கீலில் கவனம்

பழைய வீட்டுக் கதவுகளில் கீல் இராது. கதவின் அடிக் குடுமி, கீழே உள்ள குழியில் நின்று சுழலும். கதவின் எடை முழுதும் நேராகத் தரைக்கே இறங்கிவிடும். கனமான இரும்புக் கேட்டுக்கும் இதே முறை ஏற்றது. கீல் பக்கச் சட்டத்தின் அடியில் ஒரு முளையும், தரையில் பதித்த கருங்கல்லில் ஒரு பேரிங்கும் அமைத்துக்கொண்டால் எடையைக் கல் தாங்கும். மேல் கீலுக்குப் பக்கவாட்டு இழுப்பு மட்டுமே மிஞ்சும்.

மேல் கீலைத் தூணோடு ஒட்ட வெல்டிங் வைக்காமல், நீண்ட மறை உள்ள போல்ட்டாகத் தூணைத் துளைத்து விட்டு, இருபுறமும் நட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. 12 அடி கேட்டில் கீல் இடைவெளி 3 அடி என்றால், மேல் கீலை 1 அங்குலம் உள்ளே இழுத்தால் நுனி 4 அங்குலம் உயரும். பட்டறைக்குப் போகாமல், ஒரு ஸ்பானரைக் கொண்டே சிறு தொங்கலை நிமிர்த்திவிடலாம்.

கொக்கி முளைக் கீலானால் கீழ் முளை மேல் நோக்கியும், மேல் முளை கீழ் நோக்கியும் இருக்க வேண்டும். இரண்டும் மேல் நோக்கி இருந்தால் எருது கொம்பால் தூக்கினாலும் கேட் கழன்று விழும்.

புதிதாகக் கேட் செய்வோருக்கு

12 அடிக் கடவுக்கு ஒற்றைக் கதவைவிட இரண்டு 6 அடிக் கதவுகள் சிறந்தவை. எடையும் பாதி, நீளமும் பாதி என்பதால் ஒவ்வொரு தூணுக்கும் இழுப்பு கால் பங்காகிவிடுகிறது. முன் சொன்ன 160 கிலோ, 40 கிலோவாகிறது. ஒற்றைக் கதவுதான் வேண்டும் என்போர் நுனியில் ஒரு சக்கரம் வைக்கலாம். அது உருளும் பாதையில் கல்லோ கான்கிரீட்டோ பாவ வேண்டும். இல்லையேல் மழைக்காலக் கரிசலில் சக்கரம் புதைந்து நிற்கும்.

கேட் முழுதும் தகடு அடிப்பதைத் தவிர்க்கவும். எடை கூடுவது ஒருபுறம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்றின் வேகத்தைப் பல்லடம், உடுமலை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தகடு அடித்த கேட் பாய்மரம் போல் காற்றை வாங்கிக் கீலை முறுக்கிவிடும். கம்பி வலையோ ராடோ போதும். ஆடு, நாய் நுழையாமலிருக்க அடியில் மட்டும் நெருக்கமாகக் கம்பி கொடுக்கலாம்.

பைப்பின் வாய்களை அடைத்து, அடிப்பக்கத்தில் சிறு துளை விட்டால் உள்ளே நீர் தேங்கித் துரு ஏறாது. வெல்டிங் வைத்த இடங்களைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பிறகு பெயிண்ட் அடிக்க வேண்டும். ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைக்கும் முன் நாகப் பூச்சை அரத்தால் தேய்த்து நீக்குவது நல்லது. அந்தப் புகை காய்ச்சலை உண்டாக்கும். வெல்டிங் பொறி தட்டுப் போரிலோ காய்ந்த தென்னை ஓலையிலோ விழாமல் பார்த்துக்கொள்ளவும்.

சித்திரையில் ஒரு முறை, மழை முடிந்த மார்கழியில் ஒரு முறை என ஆண்டுக்கு இருமுறை தூக்குக்குண்டும் கயிறும் கொண்டு பார்த்து, கீலுக்குக் கிரீஸ் வையுங்கள். அரை மணி நேர வேலைதான். பிள்ளைகள் கேட்டில் ஏறி ஆடுவதை அன்றே கண்டியுங்கள். மாலையில் மாடு கட்டிய பின் ஒரு கையால் சாத்தித் தாழிட முடிகிற கேட் இருந்தால், அந்த வீட்டில் இரவுத் தூக்கம் கெடாது.