இராட்சத நத்தையை இனங்கண்டு ஒழித்தல்

மாரிமழை தொடங்கியதும் தோட்டத்தில் நட்ட கோவா, கத்தரி, போஞ்சிக் கன்றுகள் ஓர் இரவிலேயே அடியோடு அழிந்துவிடுவதுண்டு. காலையில் அவ்விடத்தில் மினுங்கும் சளித்தடம் காணப்படின், அது இராட்சத ஆபிரிக்க நத்தையின் வேலையாக இருக்கலாம். கிழக்கு ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்நத்தை, 1847இல் கல்கத்தாவுக்கும் 1900இல் இலங்கைக்கும் மனிதராலேயே கொண்டுவரப்பட்டது.

அடையாளங்கள்

நத்தைகள் யாவும் பீடைகள் அல்ல. ஆகவே, கொல்லுமுன் இனங்காணல் அவசியமாகும்.

1. இராட்சத நத்தையின் ஓடு கூரிய கூம்பு வடிவானது. நீளம் அகலத்தின் இரு மடங்களவாகும். வளர்ந்தவற்றின் ஓடு பொதுவாக 2 முதல் 4 அங்குலம். அரிதாக 8 அங்குலம் வரை வளரும். கபில நிற ஓட்டில் ஒழுங்கற்ற நெடுங்கோடுகள் உண்டு. ஓட்டின் வாய்க்கு மூடி இல்லை.

2. வயல் நத்தையின் ஓடு உருண்டையானது. வாய்க்குக் கடினமான மூடி உண்டு. இது நீரில் வாழ்வது. நத்தைகுத்தி நாரைக்கு உணவாவது.

3. ஈரவலயக் காடுகளிலும் அவற்றையடுத்த தோட்டங்களிலும் மரங்களில் வாழும் பெரிய மரநத்தைகளின் ஓடு அகன்று தட்டையானது. இவை இலங்கைக்கே உரியவை. இவற்றைக் கொல்லற்க.

உறைவிடம்

இராட்சத நத்தை பகலில் கற்குவியல், விறகடுக்கு, கூட்டெருக் குவியல், வாழையடி ஆகிய ஈரமான நிழலிடங்களில் ஒளிந்திருந்து, இரவில் வெளிவரும். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைப் பெறச் சுவர்களையும் சுரண்டும். வறட்சியில் ஓட்டின் வாயை மெல்லிய வெண்படலத்தால் அடைத்து, மாதக்கணக்கில் உறங்கும். மழை பெய்ததும் விழித்தெழும். ஒவ்வொரு நத்தையும் ஆண், பெண் ஆகிய இரு தன்மைகளும் உடையதாதலால் முட்டையிட வல்லது. ஒரு தடவையில் நூற்றுக்கும் மேற்பட்ட, மிளகளவான வெளிர்மஞ்சள் முட்டைகளை மண்ணில் இடும்.

செய்ய வேண்டியவை

மழைக்கு முன்னரே மேற்கூறிய ஒளிவிடங்களைத் துப்புரவாக்குக. மண்ணைக் கொத்திப் புரட்டி, முட்டைகளை வெயிலிற் காயவிடுக. மாலையில் ஈரச்சாக்குகளையும் பப்பாசி இலைகளையும் பரப்பி வைத்து, விடியுமுன் அவற்றின் கீழ் ஒதுங்கிய நத்தைகளைப் பொறுக்குக. பொறுக்கியவற்றைச் செறிந்த உப்புநீரில் இட்டுக் கொன்று, ஆழக்குழியிற் புதைக்குக. உப்பை நிலத்தில் தூவற்க, மண் உவராகும். நாற்று, கூட்டெரு, பூச்சட்டி என்பவற்றை வெளியிலிருந்து கொண்டுவரும்போது முட்டைகளும் குஞ்சுகளும் உளவோ எனப் பார்த்தபின்னரே தோட்டத்துள் விடுக.

எச்சரிக்கை

இந்நத்தையில் மனிதரின் மூளையைத் தாக்கும் புழு இருத்தல் கூடும். வெறுங்கையால் தொடற்க, சிறுவரைத் தொடவிடற்க. நத்தை ஊர்ந்த கீரை, மரக்கறிகளை நன்கு கழுவிச் சமைத்தே உண்க.

ஒரு தோட்டம் மட்டும் துப்புரவானாற் போதாது. அயற் கமக்காரரும் ஒரே காலத்தில் இம்முயற்சியில் ஈடுபடுவாராயின் பயன் நிச்சயம்.