கெர்னல் சாய்ந்தாலும் கவலையில்லை

கணினியில் மற்ற நிரல்களுக்கெல்லாம் அடியில் ஓடுவது, இயங்குதளத்தின் மையமான கெர்னல். அது விழுந்தால் தாங்கிப் பிடிக்கக் கீழே எதுவும் இல்லை; ஒரு வரி பிசகினாலே மொத்தக் கணினியும் உறைந்துவிடலாம். அதில் மாணவரைக் கைவைக்க விடத் தயங்கும் வகுப்புகளில், இயங்குதளப் பாடம் வெறும் படமும் வரையறையுமாக முடிந்துபோகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2006-ல் இதற்கு வழி கண்டது. 1975-ல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை முன்மாதிரியாக வைத்து, எக்ஸ்.வி.6 என்ற சிறு இயங்குதளம் வகுப்புக்கென்றே எழுதப்பட்டது. லினக்ஸ் கெர்னல் கோடிக்கணக்கான வரிகள். இதுவோ பத்தாயிரம் வரிகளுக்குள் அடக்கம். ஒரு பருவத்துக்குள் முழுவதையும் படித்துவிடலாம்.

இது ஓடுவது கியூஎமு என்ற எமுலேட்டருக்குள். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் வெளியிட்ட இந்த மென்பொருள், செயலி, நினைவகம், வட்டு என எல்லாமாகவும் தானே நடிக்கும். மடிக்கணினியின் ஒரு ஜன்னலுக்குள் இன்னொரு கணினி! உள்ளே கெர்னல் சாய்ந்தாலும் மடிக்கணினிக்கு ஒன்றும் ஆகாது. 2019 முதல் எம்.ஐ.டி. வகுப்பில் அது நடிப்பது ரிஸ்க்-ஃபைவ் செயலியாக; சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலிகளுக்கும் அதே கட்டமைப்புதான்.

பயிற்சிகளில் மிகவும் சுவையானது 'ஃபோர்க்' பற்றியது. ஓடும் நிரலைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும் கட்டளை இது. எக்ஸ்.வி.6 அப்போது நினைவகம் முழுவதையும் நகலெடுக்கிறது. புதிய நிரலோ பெரும்பாலும் அடுத்த கணமே வேறொன்றை ஏற்றிக்கொள்ளும். நகலெடுத்த உழைப்பு வீண். நகலெடுப்பதைத் தள்ளிப்போடுவதுதான் மாணவரின் வேலை. 4096 பைட் கொண்ட ஒவ்வொரு நினைவகப் பக்கத்தையும் இரண்டு நிரல்களும் பகிர்ந்துகொள்ளும். எழுதும் அனுமதி மட்டும் பறிக்கப்படும். எது எழுத முயன்றாலும் செயலி 15 என்ற காரண எண்ணோடு கெர்னலை அழைக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் அப்போது நகலெடுத்தால் போதும்.

சொல்ல எளிது. ஒரு பக்கத்தை எத்தனை நிரல்கள் பகிர்கின்றன என்று எண்ணி வைக்க மறந்தால், ஒன்று முடியும்போது மற்றொன்றின் பக்கமும் சேர்ந்து போய்விடும். விடுவித்த பக்கத்தை எக்ஸ்.வி.6 வேண்டுமென்றே குப்பையால் நிரப்புவதால் பிழை சீக்கிரமே அம்பலமாகும். உடனே ஜி.டி.பி. என்ற பிழைதிருத்தியை இணைத்து, போலிச் செயலியை நடுவழியில் நிறுத்தி, ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பாடப் புத்தகத்தில் வறட்டு வரையறையாகப் படித்த, எந்தப் பக்கம் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்க அட்டவணை இங்கேதான் உண்மையிலேயே புரிகிறது.

எமுலேட்டருக்கு எல்லை உண்டு. கேஷ் நினைவகத்தின் வேகம், உண்மைச் சாதனங்களின் தாமதம் இவையெல்லாம் அதில் அச்சு அசலாக வராது. வேகத்தை அளக்க நிஜச் சில்லுதான் வேண்டும். முதல் பாடத்துக்கு அது தடையே அல்ல. எக்ஸ்.வி.6-ன் நிரலும் அதற்கான நூலும் இலவசம். தனி ஆய்வகம்கூட வேண்டாம். லினக்ஸ் ஏற்றிய சாதாரண மடிக்கணினியே போதும்.