விக்ரம் (1986 திரைப்படப் பாடல்)

‘விக்ரம்’ என்பது 1986ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த அதே பெயருடைய தமிழ்த் திரைப்படத்தின் தலைப்புப் பாடலாகும். இசை இளையராஜா, பாடலை எழுதியவர் வைரமுத்து, பாடியவர் படத்தின் கதாநாயகன் கமல்ஹாசன். சிந்தசைசர் ஒலிகளையும் மின்னணுத் தாளத்தையும் முன்னிறுத்தி அமைந்த தமிழ்த் திரைப்பாடல்களில் இது குறிப்பிடத்தக்கது. மேலைநாடுகளில் ‘சிந்த்பாப்’ எனப்படும் இசை வகைக்குத் தமிழில் மிக நெருங்கிய எடுத்துக்காட்டாக இதைக் கொள்ளலாம்.

படத்தின் பின்னணி

படத்தை இயக்கியவர் ராஜசேகர். கதை எழுத்தாளர் சுஜாதாவுடையது. படம் உருவாகிக்கொண்டிருந்தபோதே ‘குமுதம்’ இதழில் இது தொடர்கதையாகவும் வந்தது. சுஜாதா சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். எனவே ஏவுகணை, கணினி ஆகிய சொற்கள் அவருக்குக் கற்பனைப் பொருள்கள் அல்ல. அன்றாடத் தொழிலோடு தொடர்புடையவை.

‘அக்னிபுத்ரா’ என்னும் ஏவுகணை கடத்தப்படுகிறது. அதை மீட்க உளவு அதிகாரி விக்ரம், ஒரு பெண் கணினி வல்லுநருடன் சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குச் செல்கிறார். இதுவே கதைச் சுருக்கம். இந்தியாவின் உண்மையான ‘அக்னி’ ஏவுகணை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது 1989 மே 22 அன்று, அதாவது படம் வெளிவந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு.

கதையில் வரும் பெரிய ஏவுகணைக்கும் தீபாவளிக்குச் சிவகாசி, திருத்தங்கல் வட்டாரத்திலிருந்து ஊர் ஊராகச் செல்லும் ராக்கெட் வெடிக்கும் அடிப்படை விதி ஒன்றே. எரியும் வாயு பின்னோக்கிப் பாய்கிறது. ராக்கெட் முன்னோக்கி உந்தப்படுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. வெடியின் பாதையைக் குச்சி சமன்படுத்துகிறது. ஏவுகணையில் அந்த வேலையைக் கருவிகளும் கணினியும் செய்கின்றன.

விண்வெளியும் மின்னணு ஒலியும்

ஒலி பரவ ஓர் ஊடகம் தேவை. விண்வெளி ஏறத்தாழ வெற்றிடம் ஆகையால் அங்கே ஒலி பரவாது. அப்படியிருக்க, சிந்தசைசர் ஒலி கேட்டவுடன் நமக்கு விண்வெளி ஏன் நினைவுக்கு வருகிறது? இதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு.

1956இல் வந்த ‘ஃபர்பிட்டன் பிளானட்’ என்ற ஆங்கிலப் படத்தின் பின்னணி இசை முழுவதும் மின்னணுச் சுற்றுகளால் உருவாக்கப்பட்டது. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக் செயற்கைக்கோளின் ‘பீப், பீப்’ சைகையை உலகெங்கும் வானொலி ஆர்வலர்கள் கேட்டார்கள். 1962இல் டெல்ஸ்டார் செயற்கைக்கோளின் பெயரில் ‘தி டொர்னேடோஸ்’ குழு வெளியிட்ட மின்னணு விசைப்பலகை இசை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. ஜெர்மன் பாடகர் பீட்டர் ஷில்லிங்கின் ‘மேஜர் டாம்’ 1980களின் தொடக்கத்தில் வந்தது. பூமியுடன் தொடர்பு இழக்கும் விண்வெளி வீரரைப் பற்றிய அந்தச் சிந்த்பாப் பாடல், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மன் கால்பந்து ரசிகர்களின் பாட்டாக மீண்டும் ஒலித்தது.

ஆக, மின்னணு ஒலி விண்வெளியின் ஒலி அன்று. விண்வெளி யுகத்தின் ஒலி. ‘விக்ரம்’ பாடலும் இந்த மரபை ஒட்டியே நிற்கிறது.

இசையமைப்பு

வயலினிலோ வீணையிலோ கம்பி அதிர்வதால் ஒலி பிறக்கிறது. சிந்தசைசரில் மின் அலையியற்றி ஒன்று அலையை உண்டாக்குகிறது. அந்த அலையை வடிகட்டியும் வடிவம் மாற்றியும் புதிய ஒலிகளைப் பெறுகிறார்கள். ஒரு சுரக்கோவையை நினைவில் வைத்து, பிசகாமல் திரும்பத் திரும்ப இசைக்கும் கருவி ‘சீக்வென்சர்’ ஆகும். வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள உதவும் ‘மிடி’ என்ற பொது முறை 1983இல்தான் அறிமுகமானது. மூன்றே ஆண்டுகளில் ‘விக்ரம்’ வந்துவிட்டது.

இளையராஜாவின் பாடல்களில் பொதுவாக வயலின் குழுவும் புல்லாங்குழலும் தபேலாவும் பெரும்பங்கு வகிக்கும். இந்தப் பாடலில் அவை பின்னே நகர்ந்து, இயந்திரச் சீருடைய தாளம் முன்னே வருகிறது. கதாநாயகனின் பெயரே முழக்கம் போலத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஆனாலும் மெட்டு குளிர்ந்த இயந்திர மெட்டாகிவிடவில்லை. ஒருமுறை கேட்டவர் முணுமுணுக்கும்படி எளிமையாக உள்ளது. கருவி புதிது, மெட்டுக் கட்டும் திறன் பழையது. இரண்டும் சேர்ந்ததே பாடலின் வலிமை.

நீடித்த புகழ்

2020 நவம்பர் 7 அன்று, கமல்ஹாசனின் பிறந்தநாளில், லோகேஷ் கனகராஜ் இயக்கும் புதிய படத்தின் தலைப்பு ‘விக்ரம்’ என்று அறிவிக்கப்பட்டது. அனிருத் இசையில் 2022 ஜூன் 3 அன்று படம் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. பழைய படத்தின் உளவு அதிகாரியே முதியவராகத் திரும்பி வருகிறார். பழைய பாடலும் அவருடன் திரும்பியது. 1986க்குப் பின் பிறந்த தலைமுறை அப்பாடலைத் தேடிக் கேட்டது. இதே 1986 படத்தின் ‘என் ஜோடி மஞ்சக் குருவி’ பாடல், 2023இல் வந்த ‘ஃபைட் கிளப்’ படத்தில் இடம்பெற்று மீண்டும் பேசப்பட்டது.

பதிப்புரிமைக் கேள்வி

பழைய பாடல் புதிய படத்தில் ஒலிக்கும்போது அனுமதி தரவேண்டியவர் யார்? 2024இல் ‘கூலி’ பட முன்னோட்டத்தில் தமது பழைய இசை பயன்படுத்தப்பட்டது குறித்து இளையராஜா தரப்பு அறிவிக்கை அனுப்பியது. ‘விக்ரம்’ பாடலின் மறுபயன்பாடும் அதில் குறிப்பிடப்பட்டதாகச் செய்திகள் வந்தன.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தயாரிப்பாளர் பணம் கொடுத்து உருவாக்கிய படைப்பில் அவருக்கே முதல் உரிமை என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் பங்கு பெறும் உரிமையை உறுதிசெய்தது. அதற்கு முன் எழுதப்பட்ட ஒப்பந்தங்களே இன்றைய வழக்குகள் பலவற்றின் மையம். ஒரு பாடல் நாற்பது ஆண்டுகள் வாழும் என்று அந்த ஒப்பந்தங்களை எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

பெயர்க் குழப்பம்

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்கிய சந்திரயான்-3 தரையிறங்கு கலத்தின் பெயரும் ‘விக்ரம்’. இது இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் விக்ரம் சாராபாயின் நினைவாக வைக்கப்பட்ட பெயர். திரைப்படத்துக்கும் பாடலுக்கும் இதனோடு தொடர்பில்லை. மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.