பள்ளிக்கு ‘இ’, நீச்சல் குளத்துக்கு ‘சி’: எப்படி?

2015 ஜூலை 9 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 250 சதுர மீட்டரைத் தாண்டிய பொதுக் கட்டடங்களும் டி.இ.சி. எனும் ஆற்றல் சான்றிதழை மாட்டியாக வேண்டும் என்றானது. சிறிய கட்டடங்களுக்கு அது பத்தாண்டு செல்லும். அன்று வாங்கியவை 2025 ஜூலையில் காலாவதியாகின. வாசகர் கடிதங்களும் குவிந்தன. பலர் வீடு விற்கும்போது எடுக்கும் இ.பி.சி.யோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது கணிப்பு, இது மீட்டரில் ஓடியதன் கணக்கு.

மீட்டர் என்றதும் நம்பிக்கை வருகிறது. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கு ‘இ’, அருகிலுள்ள நீச்சல் குளத்துக்கு ‘சி’ என்றால், குளம்தான் சிக்கனமா?

இல்லை. ஒவ்வொரு வகைக் கட்டடத்துக்கும் ‘வழக்கமான’ அளவு என ஒன்று உண்டு. கட்டடப் பொறியாளர் அமைப்பான சிப்சி 2008-இல் வகுத்தது. மதிப்பெண்ணில் அதுதான் 100, அதற்கு மேலே போனால் ‘இ’ தொடங்கும். பள்ளிக்கு அந்த அளவு சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 50 கிலோ கரியமில வாயு. நீச்சல் குளத்துக்குச் சுமார் 350. பள்ளி 60 கிலோ வெளியிட்டால் 120, அதாவது ‘இ’. குளம் 250 வெளியிட்டாலும் 71, அதாவது ‘சி’. நான்கு மடங்குக்கு மேல் புகைப்பதற்குத்தான் நல்ல மதிப்பெண்!

குளத்தைப் பள்ளியோடு ஒப்பிடக் கூடாது என்பார்கள். நியாயம்தான், வானிலைக்கும் திறந்திருக்கும் நேரத்துக்கும்கூடக் கணக்கில் சலுகை உண்டு. ஆனால் வழிப்போக்கர் பார்ப்பது எழுத்தை மட்டுமே. ‘வழக்கம்’ என்பது தரமும் அல்ல. எல்லோரும் வீணடித்தால் வீணடிப்பதே வழக்கம். அதை எட்டிப் பிடித்ததற்கு ‘டி’ தருவதைச் சாதனை என்று அறிவிப்பது கொஞ்சம் ஓவர்.

மாட்டாவிட்டால்? 500 பவுண்டு அபராதம். விதிக்க வேண்டியது கவுன்சிலின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவு. கட்டடமே கவுன்சிலுடையது என்றால் யார் யாருக்கு விதிப்பது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

‘ஜி’ வாங்கினால் பழுது பார்த்தே ஆக வேண்டுமா? வேண்டாம். கூட வரும் ஆலோசனை அறிக்கை வெறும் ஆலோசனைதான்.

1,000 சதுர மீட்டருக்கு மேல்? ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

நம் கோயிலுக்கு? தேவையில்லை; அரசு அமைப்புகள் இயங்கும் கட்டடங்களுக்கு மட்டுமே.

அரசின் இணையப் பதிவேட்டில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் எந்தக் கட்டடத்தின் சான்றிதழும் இலவசமாகக் கிடைக்கும். எழுத்தை விட்டுவிடுங்கள், சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.