எப்போது நிற்கிறது?

கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்கள் சொல்லும் புகார் அநேகமாக ஒன்றுதான்: "நல்லாத்தான் ஓடுது, திடீர்னு நின்னுடுது." திரை அப்படியே உறைந்துவிடும், மவுஸ் நகராது. இல்லையென்றால் நீலத்திரை ஒன்று தோன்றிவிட்டுத் தானாக அணைந்து மறுபடி எழும். இதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. ரேம் கெட்டாலும் இப்படித்தான் நிற்கும். பவர் சப்ளை தளர்ந்தாலும், ஹார்ட் டிஸ்க் தேய்ந்தாலும், செயலியின் மேலுள்ள விசிறியில் தூசி அடைத்தாலும் இப்படித்தான் நிற்கும்.

அதனால் கைதேர்ந்தவர் அடுத்துக் கேட்பது, "எப்போ நிக்குது?" என்று. காலையில் முதல் முறை போடும்போதா? அரைமணி நேரம் ஓடிய பிறகா? மழை நாளிலா? பக்கத்தில் யாராவது மோட்டார் போடும்போதா? உள்ளே கெட்டுப்போகிற ஒவ்வொரு பொருளும் தனக்கென ஒரு நேரம் வைத்திருக்கிறது. அந்த நேரத்தைப் பிடித்துவிட்டால் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாதி சந்தேகங்கள் விலகிவிடும்.

ஊருக்கு ஊர் சந்தேகமும் மாறும். மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் இருக்கும் திரிங்காப்பை எடுத்துக்கொள்வோம். சரிவுகளில் தேயிலை, சாலையை ஒட்டிப் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த காய்கறித் தோட்டங்கள். கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் இந்த மலையில் பகல் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அபூர்வம். கோலாலம்பூரிலோ சென்னையிலோ கம்ப்யூட்டர் நின்றால் முதல் குற்றவாளி சூடு. மலையில் அந்த வரிசை அப்படியே பொருந்தாது.

சூட்டின் நேரம்

செயலிக்குள் நடப்பதெல்லாம் தாளம் தப்பாத ஓட்டம். மூன்று கிகாஹெர்ட்ஸ் செயலியில் ஒரு தாளத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு நொடியின் முந்நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் ஒளியே பத்து சென்டிமீட்டர்தான் போகும். சிலிக்கான் சூடேறினால் அதிலுள்ள டிரான்சிஸ்டர்கள் மந்தமாகின்றன. அடுத்த தாளம் விழுவதற்குள் வந்து சேர வேண்டிய சமிக்ஞை கொஞ்சம் பிந்தினால், அங்கே இருந்த பழைய மதிப்பையே செயலி புதிதென்று எடுத்துக்கொள்ளும். ஒரு 0 வரவேண்டிய இடத்தில் 1. அதிலிருந்து கணக்கு தடம் புரள்கிறது.

இதைத் தடுக்கத்தான் செயலி தன் சூட்டைத் தானே அளந்துகொண்டிருக்கிறது. பல செயலிகள் 100 பாகையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மின்சாரத்தையே துண்டித்துவிடும். ஆகவே சூட்டுக் கோளாறுக்குத் தெளிவான நடத்தை உண்டு. போட்டவுடன் நிற்காது, கடுமையான வேலை கொடுத்துச் சில நிமிடங்கள் கழித்து நிற்கும். உடனே மறுபடி போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் நிற்கும். ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் பழையபடி நெடுநேரம் ஓடும். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் விசிறியையும், செயலிக்கும் அதன் மேலுள்ள உலோகத் தகட்டுக்கும் நடுவே தடவிய பசை காய்ந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மலையின் குளிர் இதில் உதவுகிறது. ஆனால் முழுக்க அல்ல. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. விசிறி அதே வேகத்தில் சுற்றி அதே கன அளவு காற்றைத் தள்ளினாலும், இந்த உயரத்தில் அந்தக் காற்றின் எடை பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைவு. சூட்டைச் சுமந்துபோவது அந்த எடைதான். குளிரால் கிடைக்கும் லாபம் இந்த நட்டத்தைவிடப் பெரிது என்பதால் மொத்தத்தில் மலைக்கம்ப்யூட்டருக்குச் சாதகம்தான்.

ஈரத்தின் நேரம்

அந்தச் சாதகத்தை மூடுபனி பிடுங்கிக்கொள்கிறது. விடியற்காலையில் காற்று 18 பாகை, ஈரப்பதம் 95 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்னைவிட ஒரு பாகை குளிர்ந்த உலோகத்தைத் தொட்டாலே அந்தக் காற்று நீராகப் படியத் தொடங்கும். இரவெல்லாம் அணைந்து கிடந்த கம்ப்யூட்டரின் உட்பகுதி அப்படிப்பட்ட உலோகமாக இருக்கலாம்.

நீர்த்துளி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. மதர்போர்டில் படிந்த தூசியும், பற்றவைத்தபோது மிஞ்சிய ரசாயனக் கறையும் ஈரத்தைத் தாமே இழுத்துக்கொள்ளும். தேயிலைத் தொழிற்சாலையில் மூன்று விழுக்காடு ஈரம்வரை உலர்த்தி எடுத்த தூளைத் திறந்து போட்டால் என்ன ஆகுமென்று தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். போர்டின் மேலுள்ள தூசியும் அதையேதான் செய்கிறது. ஈரமேறிய தூசி லேசாக மின்சாரத்தைக் கடத்தும். ஒன்றோடொன்று பேசக்கூடாத இரண்டு கம்பித் தடங்களுக்கு நடுவே மெல்லிய கசிவு உண்டாகும்.

இதன் நேரம் சூட்டுக்கு நேர் எதிர். தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) காலையில் கம்ப்யூட்டரைப் போடுகிறார். இரண்டு மூன்று தடவை முரண்டு பிடிக்கிறது, பீப் ஒலி எழுப்புகிறது, பாதியில் உறைகிறது. பத்து நிமிடம் விட்டுப் போட்டால் பிறகு மாலைவரை சிணுங்குவதில்லை. தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொண்டுவிட்டது. காலையில் மட்டும் தகராறு செய்யும் கம்ப்யூட்டருக்கு விசிறி மாற்றுவது வீண் செலவு.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது ரேம் பலகையின் விளிம்பு. அதைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பொன்முலாம் பூசிய பற்கள் வரிசையாகத் தெரியும். பளபளப்பு மங்கியிருந்தால், மங்கலான படலம் ஏதும் தெரிந்தால், பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, 'க்ளிக்' என்று பொருந்தும்வரை அழுத்திச் செருகுவார்கள். கழற்றிச் செருகுவதே ஒரு வைத்தியம். உரசும்போது தொடுமுனைகளின் படலம் கிழிகிறது. அதற்குமுன் பெட்டியின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்டுவிடுங்கள். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் ஏறத்தாழ 3,000 வோல்ட் ஆனால்தான் நமக்குச் சுரீரென்று தெரியும். சில சிப்புகள் கெடுவதற்கு 100 வோல்ட்கூட வேண்டாம். ஈரக்காற்று இந்த ஒரு விஷயத்தில் நமக்கு நண்பன்: நிலைமின்சாரத்தைத் தேங்கவிடாது.

மின்சாரத்தின் நேரம்

நீலத்திரை வந்தால் எல்லாரும் பதறுகிறார்கள். பழுதுபார்ப்பவருக்கு அது நல்ல சேதி. தவறு நடந்தது என்று எழுதிக்காட்ட ஒரு நிரல் ஓட வேண்டும். அதை ஓட்டச் செயலி உயிரோடு இருக்க வேண்டும். நீலத்திரையும் இல்லாமல், எச்சரிக்கையும் இல்லாமல் சட்டென்று இருண்டு மறுபடி எழுந்தால், எழுதிவைக்க உள்ளே யாரும் இல்லை என்று பொருள். மின்சாரமே போயிருக்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் அப்போது 41 என்ற எண்ணோடு ஒரு குறிப்பு இருக்கும். 'முறையாக அணைக்காமல் மறுபடி தொடங்கியது' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. விடிந்த பிறகு எழுந்தவன் இரவில் நடந்ததைச் சொல்ல முடியாதல்லவா!

மலேசியாவில் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்று 20 மில்லிநொடி. நல்ல பவர் சப்ளை, வெளியிலிருந்து மின்சாரம் வராவிட்டாலும் ஏறத்தாழ 16 மில்லிநொடி சமாளிக்கும். அந்த நேரத்துக்கு வேண்டியதைச் சேமித்துவைப்பவை அதிலுள்ள மின்தேக்கிகள். அவை மூப்படைகின்றன. உள்ளிருக்கும் திரவம் மெல்ல உலர்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. மூத்த மின்தேக்கி பழைய அளவு சேமிக்காது. அந்த நிலையில், காய்கறித் தோட்டத்தில் நீரிறைக்கும் பம்பைப் போடுகிறார்கள். நின்ற மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் வழக்கமானதைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். விளக்கு ஒரு கணம் மங்கும். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் அணைந்து எழும்.

12 வோல்ட் தடத்தில் 11.4க்குக் கீழே இறங்கக்கூடாது என்பது மேசைக்கம்ப்யூட்டர்களின் நெடுங்கால விதி. மல்டிமீட்டர் வைத்து அளக்கலாம். ஆனால் கணநேரச் சரிவு அதன் கண்ணுக்குப் படாது. பெட்டியைத் திறந்து மதர்போர்டில் செயலியைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளைப் பாருங்கள். தலையில் சிலுவை போலவோ ஆங்கில K எழுத்துப் போலவோ கீறல் இருக்கும். உள்ளழுத்தம் மிகுந்தால் அங்கே பிளந்துகொள்ளட்டும் என்று போட்ட கீறல். தலை தட்டையாக இருந்தால் சரி. உப்பியிருந்தால், பழுப்புக் கசடு கசிந்திருந்தால் அதுவே தீர்ப்பு. 2000களின் முற்பகுதியில் உலகெங்கும் மதர்போர்டுகள் இப்படிக் கூட்டங்கூட்டமாகச் செத்தன. தரமற்ற திரவம் நிரப்பிய மின்தேக்கிகள்தான் காரணம். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம். செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் மிச்சமிருக்கும். நல்லதென்று தெரிந்த இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதே சோதனை.

ரேமும் டிஸ்க்கும்

மவுஸ் நகர்கிறது, ஆனால் எதையும் திறக்க முடியவில்லை. ஒரு நிமிடம் கழித்து எதுவும் நடக்காததுபோல ஓடுகிறது. இது டிஸ்க்கின் நடத்தை. ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் முனை, சுழலும் தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றிலேயே மிதக்கிறது. காற்று மெலிந்தால் அது தாழ்ந்துவிடும் என்பதால், காற்றடைத்த பல டிஸ்க்குகளுக்கு 3,000 மீட்டர்தான் உயர வரம்பு. கேமரன் மலை அந்த வரம்புக்கு வெகு கீழே. தேய்ந்த இடத்தைப் படிக்க முடியாமல் அந்த முனை திரும்பத் திரும்ப முயலும் நேரம்தான் நாம் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடம். எத்தனை இடங்களைக் கெட்டவை என்று ஒதுக்கிவைத்தது என்பதை டிஸ்க் தானே எண்ணிவைக்கும். அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் போகும் நேரம் வந்துவிட்டது.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட் போன்ற நிரல்கள் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு வடிவத்தை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். 8 கிகாபைட் ரேமில் ஏறத்தாழ 6,870 கோடி பிட்கள். ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் தங்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் திரையைப் பாருங்கள். சிவப்பு வரிகளில் ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடத்து ரேம் செல் கெட்டது. முகவரிகள் ஒவ்வொரு சுற்றிலும் மாறினால் ரேமைக் குறை சொல்வதற்குமுன் தொடுமுனை, மின்சாரம், சூடு மூன்றையும் பாருங்கள். இரண்டு பலகை இருந்தால் ஒன்றைக் கழற்றி ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பொருளை மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

நேரமே இல்லாதது

இத்தனைக்கும் அடங்காத ஒன்று மிச்சம். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் மோதிச் சிதறி நியூட்ரான்களாகவும் மியுவான்களாகவும் தரையில் பொழிகின்றன. ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கிரேப்ஸ்-3 நிலையம் இந்தப் பொழிவை இரவும் பகலும் எண்ணுகிறது.

கம்ப்யூட்டருக்கு வினை நியூட்ரானால். அது சிலிக்கான் அணுக்கருவில் மோதினால் சிதறும் துணுக்குகள் மின்னூட்டத்தை வாரியிறைக்கும். அருகிலுள்ள பிட் ஒன்று புரளும். பொருளுக்கு எந்தச் சேதமும் இல்லை. தகவல் மட்டும் மாறிவிடும். 2003 மே 18 அன்று பெல்ஜியத்தின் ஷார்பீக் நகரில் வேட்பாளர் ஒருவருக்குச் சரியாக 4,096 வாக்குகள் அதிகமாக விழுந்தன. 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. ஒரே ஒரு பிட் புரண்டால் கூடும் தொகை. மென்பொருளில் பிழை கிடைக்கவில்லை. அண்டக்கதிராக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது, நிரூபிக்க வழியில்லை.

உயரம் கூடினால் நியூட்ரானும் கூடும். கேமரன் மலையின் உயரத்தில் கடற்கரையைவிட இரண்டு மூன்று மடங்கு விழும். ஆனால் நிலநடுக்கோட்டுப் பக்கம் பூமியின் காந்தப்புலம் கதிர்களைத் திருப்பிவிடுவதில் வலுவானது. அதிலும் இந்தியாவிலிருந்து மலேயாவரையுள்ள பகுதியில்தான் உலகிலேயே மிக வலுவான தடுப்பு. அதே உயரத்திலுள்ள வடக்கத்திய ஊர்களோடு ஒப்பிட்டால் இங்கே பொழிவு பாதியளவுதான்.

அண்டக்கதிர் ஒருமுறை வந்த இடத்துக்கே மறுபடி வரவேண்டிய அவசியம் இல்லை. அதனால் திரும்பத் திரும்ப நிற்கும் கம்ப்யூட்டருக்கு அது காரணமாக இருக்க முடியாது. 2009இல் கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும் இதையே சொல்கிறது: ஆண்டுக்கு எட்டு விழுக்காட்டுக்கு மேற்பட்ட ரேம் பலகைகளில் பிழை தெரிந்தது, பெரும்பாலானவை போகிற போக்கில் புரண்ட பிட்கள் அல்ல, பொருளின் பழுது. 2011இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் கம்ப்யூட்டர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். செயலிப் பழுதால் ஒருமுறை நிற்கும் வாய்ப்பு 190இல் ஒன்று. ஒருமுறை நின்றது மறுபடி நிற்கும் வாய்ப்போ அதைவிட நூறு மடங்குவரை அதிகம்.

ஆகவே முதல் முறை நின்றதையே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறையும் நின்றால், திருப்புளியைத் தேடுவதற்குமுன் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். சோதனைகளே சாகக்கிடக்கும் டிஸ்க்கைத் தீர்த்துக்கட்டக்கூடும். பிறகு ஒரு தாளில் தேதி, மணி, போட்டு எத்தனை நிமிடம், மழையா வெயிலா, விளக்கு மங்கியதா, நீலத்திரை வந்ததா என்று நிற்கும்போதெல்லாம் எழுதிவையுங்கள். கடைக்குப் போகும்போது கம்ப்யூட்டரோடு அந்தத் தாளையும் கொடுத்தால், பழுதுபார்ப்பவர் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார்.