வெட்டியபின் நகரும் வேர்

"பாதிப் பல்லை உள்ளேயே விட்டுட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்தா வேர் மேல ஏறியிருக்குங்கிறாங்க. ஏதோ தப்பா நடந்துபோச்சா?" என்று கேட்டீர்களே அக்கா, அதில் பயப்பட எதுவும் இல்லை. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். அந்த வேர் நகரும் என்று தெரிந்துதான் விட்டுவைத்திருக்கிறார்கள்.

உங்கள் பழைய ஓபிஜி எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் பிடியுங்கள். கீழ்த்தாடைக்குள் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் சேர்ந்தே ஓடுகின்றன இல்லையா? அதுதான் நரம்பு போகும் குழாய். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி அந்த நரம்பால்தான். ஞானப்பல்லின் வேர் வருகிற இடத்தில் பாருங்கள், மேல்கோடு அறுந்திருக்கிறது, வேரும் அங்கே கறுத்துத் தெரிகிறது. வேரும் நரம்பும் உரசிக்கொண்டிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். சந்தேகம் வந்தால் சிபிசிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட வேரைப் பிடுங்கும்போது நரம்பு நசுங்கினால் உதடு மரத்துவிடும். டீ வழிந்தால்கூடத் தெரியாது. பலருக்குச் சில மாதங்களில் சரியாகும். சிலருக்குக் கடைசிவரை சரியாகாது.

அதனால்தான் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். கொரோனெக்டமி என்று பெயர். 1984இல் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட முறை இது. 2005இல் லண்டனிலும் 2009இல் ஹாங்காங்கிலும் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வுகள், முழுப் பல்லையும் எடுப்பதைவிட இதில் நரம்புக்குச் சேதம் குறைவு என்று காட்டின. வெட்டிய விளிம்பு எலும்பு மட்டத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும், எனாமல் துளிகூட மிஞ்சக் கூடாது. பிறகு ஈறை மூடித் தையல். வேருக்குள் இருக்கும் சதை உயிரோடு இருப்பதால் ரூட் கேனால் செய்வதில்லை. சொத்தை உள்ளே இறங்கிய பல்லுக்கும் வேரில் சீழ் பிடித்த பல்லுக்கும் இது ஒத்துவராது. வெட்டும்போதே வேர் ஆடிவிட்டால் அதையும் எடுத்தாக வேண்டும்.

சரி, ஏன் நகர்கிறது? ஞானப்பல் வெளியே வரத்தான் பார்த்தது. முன்னால் இருந்த கடைவாய்ப்பல் மறித்ததால் உள்ளேயே சிக்கிக்கொண்டது. இடித்துக்கொண்டிருந்த தலை போனதும் மேலே இடம் கிடைத்துவிட்டது. வேர் பெரும்பாலும் மேல்நோக்கியும், கொஞ்சம் முன்பக்கமாகவும் நகர்கிறது. முதல் ஆறு மாதத்தில்தான் வேகம் அதிகம். பிறகு குறைந்துகொண்டே போய், இரண்டு வருடத்துக்குள் அநேகமாக நின்றுவிடும். மொத்தத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவுதான் பலருக்கும். இளவயதுக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம்.

இப்போது புதுப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். வேர்நுனிக்கும் அந்த வெள்ளைக் கோடுகளுக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறது பாருங்கள். வேர் விட்டுப்போன இடத்தில் எலும்பு ஊறிக்கொண்டு வரும். வேர் நரம்பைவிட்டு விலகியிருக்கிறது அக்கா, இது நமக்கு நல்லதுதான். ஆபரேஷனுக்கு முன்பே இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் இத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்க வேண்டாம். அதைச் சொல்வது மருத்துவர் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

நூறில் ஒரு சிலருக்கு வேர் ஈறுவரை வந்துவிடுவது உண்டு. அப்போது இன்னொரு சின்ன ஆபரேஷன் தேவைப்படும். ஆனால் நரம்பிலிருந்து தள்ளி வந்துவிட்ட வேர் என்பதால் முன்பிருந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கும். அந்த இடத்தில் வீக்கம், சீழ், கெட்ட வாடை, நாக்கில் கூராக எதுவும் தட்டுப்படுவது என்று ஏதாவது இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் சொன்ன தேதியில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. நாளைக்கு வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போனால், பிடுங்கும்போது ஒடிந்து தங்கிய வேர் என்று நினைத்து அவர் எடுக்கச் சொல்லக்கூடும். கொரோனெக்டமி என்று எழுதிய சீட்டையும் இந்த இரண்டு படங்களையும் ஒரே கவரில் போட்டு வைத்திருங்கள்.